மூளைக் கட்டி நோயாளிக்குத் தொலைபேசி எவ்வளவு தூரம் துணை?



இம்முறை நமது சுகாதாரப் பாடத்துக்கு எடுத்துக்கொண்ட விடயம் கொஞ்சம் கனமானது. மூளையில் புற்றுநோய் வந்த ஒருவர் லயத்தில் படுத்திருக்கிறார். அவரைப் பார்க்கும் டாக்டர் மகரகமையிலோ கண்டியிலோ இருக்கிறார். ஒரு கிளினிக் நாளுக்கும் அடுத்த கிளினிக் நாளுக்கும் இடையில் வீட்டில் ஏதாவது நடந்தால் யாரிடம் கேட்பது? கையில் இருக்கும் தொலைபேசி எங்கே உதவும், எங்கே உதவாது? இதுதான் இன்றைய பாடம். வாசிக்கத் தெரிந்தவர்கள் வழமைபோல மற்றவர்களுக்கும் வாசித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறோம்.

1. நோயை முதலில் அறிந்துகொள்வோம்

மூளையில் வரும் கட்டி எல்லாமே புற்றுநோய் அல்ல. சில கட்டிகள் மெதுவாக வளரும். சத்திரசிகிச்சை செய்து எடுத்தால் சுகமாகிவிடும். புற்றுநோய்க் கட்டி இரண்டு வகையில் வரலாம். ஒன்று, மூளையிலேயே தொடங்குவது. மற்றது, நுரையீரல், மார்பு போன்ற வேறு இடத்தில் இருந்த புற்றுநோய் மூளைக்குப் பரவி வருவது.

அறிகுறிகள் கட்டி இருக்கும் இடத்தைப் பொறுத்தவை. காலையில் எழும்பும்போது கூடுதலாக இருக்கும் தலையிடி, காரணமில்லாத வாந்தி, முன்பு இல்லாத வலிப்பு, ஒரு பக்கக் கை கால் பலம் குறைதல், பேச்சுத் தடுமாறுதல், பார்வை மங்குதல் ஆகியவை முக்கியமானவை. தலையிடி உள்ள எல்லோரும் பயப்பட வேண்டியதில்லை. இது அபூர்வமான நோய். ஆனால் இந்த அறிகுறிகள் புதிதாக வந்து கூடிக்கொண்டே போனால் தோட்ட வைத்திய உதவியாளரிடம் உடனே காட்ட வேண்டும்.

இன்னொரு அறிகுறியும் உண்டு. ஆளின் குணம் மாறலாம். சாந்தமான மனுசன் காரணமில்லாமல் சத்தம் போடுவார். சுறுசுறுப்பான பெண் ஒரு மூலையில் பேசாமல் உட்கார்ந்திருப்பாள். அதைப் பார்த்ததும் லயத்தில் என்ன பேச்சு வரும் என்று உங்களுக்கே தெரியும். "செய்வினை", "காத்து பட்டிருச்சு", "கோயில்ல மந்திரிக்கணும்" என்பார்கள். சாமி கும்பிடுவதை நாம் தடுக்கவில்லை. ஆனால் மந்திரிப்பதற்காக ஆஸ்பத்திரிக்குப் போவதைப் பிற்போடக் கூடாது. இது பேயும் அல்ல, பாவத்தின் கூலியும் அல்ல. மற்றவருக்குத் தொற்றும் நோயும் அல்ல. அதே கோப்பையில் தேத்தண்ணீர் குடிக்கலாம், பிள்ளைகள் மடியில் உட்காரலாம்.

2. நாட்களின் பெறுமதி

பெரியவர்களுக்கு மூளையிலேயே தொடங்கும் புற்றுநோய்களில் அதிகம் காணப்படுவது கிளியோபிளாஸ்டோமா என்பது. கடுமையானது. இதற்கு முதலில் முடிந்த அளவு கட்டியைச் சத்திரசிகிச்சை மூலம் எடுப்பார்கள். பிறகு வழமையாக வாரத்தில் ஐந்து நாள் வீதம் ஆறு வாரம், மொத்தம் 30 தடவை கதிர் சிகிச்சை கொடுப்பார்கள். நம்மவர்கள் இதைக் "கரண்ட் வைக்கிறது" என்று சொன்னாலும் இதில் மின்சாரம் உடம்பில் பாய்வதில்லை. அத்துடன் டெமோசோலோமைட் என்ற மாத்திரையும் கொடுப்பார்கள்.

ஐரோப்பாவிலும் கனடாவிலும் 573 நோயாளர்களிடம் செய்த ஆய்வு ஒன்று 2005ஆம் ஆண்டு வெளிவந்தது. கதிர் சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் பாதிப்பேர் சுமார் 12 மாதங்களைத் தாண்டி வாழ்ந்தார்கள். மாத்திரையும் சேர்த்துப் பெற்றவர்களில் பாதிப்பேர் 14½ மாதங்களைத் தாண்டினார்கள். இரண்டு வருடம் தாண்டியவர்கள் நூற்றுக்கு 10 பேராக இருந்தது, 26 பேராகக் கூடியது. ஆகவே வைத்தியத்தால் பிரயோசனம் உண்டு. ஆனாலும் பெரும்பாலானோருக்கு இந்த நோய் முற்றாகச் சுகமாவதில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இதைச் சொல்வது உங்களைப் பயமுறுத்த அல்ல. நாள் குறைவான நோய் என்றால் ஒவ்வொரு நாளுக்கும் விலை உண்டு. ஹட்டனிலிருந்து கொழும்புக்கே பஸ்ஸில் நாலைந்து மணித்தியாலம் ஆகும். விடியுமுன் புறப்பட்டு, வளைவு வளைவாக இறங்கி, வழியில் வாந்தி எடுத்து, வரிசையில் காத்திருந்து, இருட்டிய பிறகு திரும்ப வேண்டும். கூடப் போகிறவருக்கு அன்றைய பேர் போய்விடும். அடுத்த இரண்டு நாள் நோயாளி எழும்பமாட்டார். அவசியமான பயணம் என்றால் போய்த்தான் ஆக வேண்டும். ஆனால் ஒரு சந்தேகம் கேட்பதற்கு மட்டும் மூன்று நாளைச் செலவழிக்க வேண்டுமா? தொலைபேசியின் உதவி இங்கேதான் வருகிறது. அந்த நாளை வீட்டில், பிள்ளைகளோடு, வெயில் காயும் வாசலில் கழிக்க முடியுமென்றால் அதுவும் ஒரு வைத்தியம்தான்.

3. மற்றவர்களின் அனுபவம்

2020ஆம் ஆண்டு கொரோனா ஊரடங்கின்போது நமது நாட்டிலும் கிளினிக் நோயாளர்கள் வீட்டில் முடங்கினார்கள். அப்போது அரசாங்க ஆஸ்பத்திரிகளின் கிளினிக் மருந்துகளைத் தபால்காரர்கள் வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். தொலைபேசியில் ஆலோசனை கேட்பதும் அந்தக் காலத்தில் பலருக்குப் பழக்கமாகியது.

வெளிநாட்டு உதாரணம் ஒன்றையும் பார்ப்போம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் இலங்கையைப்போல 26 மடங்கு பெரியது. பெரிய ஆஸ்பத்திரிகள் பிறிஸ்பேன் நகரத்தில் இருக்கின்றன. அங்கே கிரிஃபித் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர்கள் மூளைக் கட்டி நோயாளர்களுக்காக ஒரு திட்டம் தொடங்கினார்கள். வாரத்துக்கு ஒரு தடவை வீதம் பத்துத் தடவைகள் நோயாளியின் வீட்டுக்கே போய்ப் பேசுவார்கள். நோயைப் பற்றிய பயம், மறதி, கோபம், இனி என்ன செய்யலாம் என்ற கேள்வி எல்லாவற்றையும் பேசலாம். குடும்பத்தவரும் கூட உட்காரலாம். 50 பேர் பங்குபற்றிய இதன் ஆய்வு 2015ஆம் ஆண்டு வெளிவந்தது. திட்டத்தில் சேர்ந்தவர்களிடம் மனச்சோர்வு குறைந்திருந்தது, வாழ்க்கைத் தரம் கூடியிருந்தது. நோய் மாறவில்லை, ஆனால் நோயோடு வாழும் விதம் மாறியது. தூரத்து ஊர்களில் இருப்பவர்களுக்கும் கிடைக்கவேண்டும் என்று அதே உதவியைப் பின்னர் வீடியோ அழைப்பு மூலமும் கொடுக்கத் தொடங்கினார்கள்.

இப்படித் தொலைவிலிருந்து உதவி பெற்ற மூளைக் கட்டி நோயாளர்கள் பல நாடுகளிலும் சொல்லும் நன்மைகள் ஏறத்தாழ ஒன்றுதான். பயணக் களைப்பு இல்லை. சொந்த வீட்டில் இருப்பதால் மனம் திறந்து பேச முடிகிறது. வேறு ஊரில் இருக்கும் மகளும் மகனும் அழைப்பில் சேர்ந்துகொள்ளலாம். வலிப்பு வருகிறவர்கள் தனியாக வெளியே போகப் பயப்படுவார்கள். அந்தப் பயமும் இல்லை. "நம்மை யாரோ நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்" என்ற தைரியம் வருகிறது.

குறைகளையும் சொல்கிறார்கள். முகம் தெரியாத வெறும் குரல், சொல் மறந்துபோகும் நோயாளிக்குக் கஷ்டமாக இருக்கும். கேட்ட கேள்வி அடுத்த நிமிடம் மறந்துவிடும். சிக்னல் விட்டு விட்டு வரும். முக்கியமாக, ஸ்கேனில் கட்டி திரும்ப வளர்ந்திருக்கிறது என்பது போன்ற கெட்ட செய்தியைத் தொலைபேசியில் கேட்க அநேகர் விரும்புவதில்லை. அந்த நேரத்தில் எதிரில் ஒரு முகம் வேண்டும், பக்கத்தில் ஒரு கை வேண்டும். ஆகவே முடிவு சொல்லும் நாளுக்கு நேரில் வர விரும்புகிறோம் என்று முன்கூட்டியே கேட்டுவைப்பது நல்லது.

4. எப்படிப் பேசுவது?

கிளினிக்கிலிருந்து வீட்டுக்கு வருமுன்பே ஒரு கேள்வி கேளுங்கள்: "சந்தேகம் வந்தா எந்த நம்பருக்கு, எத்தனை மணிக்குப் பேசலாம்?" அந்த இலக்கத்தைக் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். எல்லா இடத்திலும் ஒரே ஒழுங்கு இல்லை. நேரடி இலக்கம் இல்லையென்றால் தோட்ட வைத்திய உதவியாளர் மூலமாகக் கேட்கலாம்.

இப்போது ஒரு மனைவி பேசுவதாக வைத்துக்கொள்வோம்.

"ஹலோ மிஸ், அவருக்கு ரொம்ப சுகமில்லைங்க மிஸ். என்னமோ மாதிரி இருக்காருங்க."

இதைக் கேட்டு அந்தத் தாதி என்ன செய்ய முடியும்? அவருக்கு நோயாளி கண்ணில் தெரியவில்லை. இதே மனைவி இப்படிப் பேசினால் எப்படி இருக்கும்?

"மிஸ், நான் தோட்டத்திலிருந்து பேசுறேங்க. கிளினிக் நம்பர் கையில இருக்கு, சொல்லட்டுமா? மூளைக் கட்டிக்கு ஆப்ரேசன் பண்ணி ரெண்டு மாசம். நேத்து காலையிலிருந்து வலது கையில கோப்பை நிக்கலைங்க. முந்தாநாள் நல்லா புடிச்சாரு. ராத்திரியிலிருந்து மூணு தடவை வாந்தி."

"மாத்திரை உள்ள தங்குதாம்மா?"

"இல்லைங்க மிஸ். காலைல குடுத்ததும் வாந்தியோட வந்திருச்சு."

"அப்ப நாளைக்குன்னு வைக்காதீங்க. இப்பவே கிட்ட இருக்கிற ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. கொப்பியையும் மாத்திரையையும் மறக்காம எடுத்துட்டுப் போங்க."

வித்தியாசம் தெரிகிறதல்லவா? எப்போது தொடங்கியது, முன்பு எப்படி, இப்போது எப்படி, எத்தனை தடவை என்ற நாலும் இருந்தால் தூரத்தில் இருப்பவருக்கும் படம் தெரியும். இதற்கு ஒரு நாற்பது பக்கக் கொப்பி போதும். ஒவ்வொரு நாளும் சாப்பாடு, தூக்கம், தலையிடி, வலிப்பு, கொடுத்த மாத்திரை ஆகியவற்றை இரண்டு வரியில் எழுதுங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் இந்த வேலையைக் கொடுக்கலாம்.

மேலும் சில ஆலோசனைகள்:

அழைப்பை நோயாளி களைப்பில்லாமல் இருக்கும் நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ரேடியோவை நிறுத்துங்கள். ஸ்பீக்கரில் போட்டு, முதலில் அவரையே பேச விடுங்கள். சொல் வரத் தாமதமானால் அவசரப்பட்டு நீங்கள் முடித்துவிடாதீர்கள். அவர் உயிரோடு பக்கத்தில் இருக்கும்போது "இவரு இப்படி, இவரு அப்படி" என்று அவர் இல்லாத மாதிரிப் பேசுவது மிகவும் நோகடிக்கும்.

லயத்துச் சுவர் மெல்லியது. பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் என்ற வெட்கத்தில் பலர் உண்மையைச் சொல்வதில்லை. படுக்கையில் சிறுநீர் போவது, தாம்பத்தியம், சாவுப் பயம் போன்றவற்றை இஸ்தோப்பில் நின்று பேச முடியாது. டிஸ்பென்சரியிலோ சிறுவர் பராமரிப்பு நிலையத்திலோ ஓர் அறை தரும்படி வைத்திய உதவியாளரிடமோ நலன்புரி உத்தியோகத்தர்களாகிய நம்மிடமோ கேளுங்கள்.

தமிழில் பேசத்தான் முடியும் என்றால் தயங்காமல் முதலிலேயே சொல்லுங்கள். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழி. புரியாமல் "ஆமாங்க, சரிங்க" என்று வைத்துவிடுவதுதான் ஆபத்து. சொன்னதைத் திருப்பிச் சொல்லிக் காட்டி, "நான் விளங்கினது சரியா?" என்று கேளுங்கள்.

மருந்துச் சீட்டையும் மாத்திரை அட்டையையும் வட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பச் சொன்னால் அந்த இலக்கத்துக்கு மட்டும் அனுப்புங்கள். மற்றவர்களுக்கு அனுப்ப வேண்டாம். "மூளைப் புற்றுநோயை மூலிகையால் சுகமாக்குவோம், முற்பணம் போடுங்கள்" என்று தொலைபேசியில் யாராவது வந்தால் நம்பாதீர்கள். கஷ்டத்தில் இருப்பவர்களைத் தேடித்தான் இப்படியானவர்கள் வருவார்கள்.

5. தொலைபேசியில் தீர்க்கக் கூடாதவை

முதலாவது பரிசோதனை, ஸ்கேன், கதிர் சிகிச்சை இவையெல்லாம் நேரில்தான். அதோடு பின்வருவனவற்றுக்குப் பதில் அழைப்பு வரும் என்று காத்திருக்கக் கூடாது.

வலிப்பு: நேரத்தைப் பாருங்கள். ஆளை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தலைக்குக் கீழே மெதுவான துணி வையுங்கள். வாயில் கரண்டியோ விரலோ தண்ணீரோ வைக்கக் கூடாது. கையில் இரும்பு, சாவி கொடுப்பதால் வலிப்பு நிற்காது. கையைக் காலை அழுத்திப் பிடிக்கவும் கூடாது. ஐந்து நிமிடத்துக்கு மேல் போனாலோ, ஒன்று முடிந்து நினைவு வருமுன் அடுத்தது வந்தாலோ 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். இந்தச் சேவை இலவசம். தோட்டம், டிவிஷன், லய இலக்கம், எந்தப் பாதையால் வரவேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டி வையுங்கள். அவசரத்தில் சொந்த விலாசமே மறந்துபோகும். ஒருவரைப் பெரிய ரோட்டுக்கு அனுப்பி வாகனத்துக்கு வழி காட்டச் சொல்லுங்கள்.

காய்ச்சல்: டெமோசோலோமைட் போன்ற மாத்திரை எடுக்கும் காலத்தில் இரத்தத்தில் கிருமியை எதிர்க்கும் சக்தி குறையும். காய்ச்சல் 38 பாகையைத் தொட்டால் பெனடோலைக் கொடுத்து விடியட்டும் என்று இருக்காதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எழுப்ப முடியாத தூக்கம், திடீரெனப் பலம் குறைதல், நிற்காத வாந்தி ஆகியவையும் இதே வகை.

மாத்திரையை நிறுத்துதல்: மூளை வீக்கத்துக்குக் கொடுக்கும் டெக்ஸமெதசோனையும் வலிப்பு மாத்திரையையும் "இப்ப நல்லாத்தானே இருக்கு" என்று சடுதியாக நிறுத்தக் கூடாது. டெக்ஸமெதசோன் பசியைக் கூட்டும், தூக்கத்தைக் கெடுக்கும், இரத்தத்தில் சீனியையும் கூட்டலாம். இந்தத் தொந்தரவுகளைத் தொலைபேசியில் சொல்லி ஆலோசனை கேளுங்கள். டாக்டர் சொல்லும்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். மாத்திரை முடிய ஒரு வாரம் இருக்கும்போதே சொல்வது இன்னும் நல்லது.

வலிப்பு வருகிறவரைப் பீலிக்குத் தனியாக அனுப்பாதீர்கள். விறகடுப்பின் முன்னால் தனியாக விடாதீர்கள். கவ்வாத்துக் கத்தியும் செங்குத்தான மலையும் இப்போதைக்கு வேண்டாம். ஆனால் சும்மாவே உட்கார வைக்கவும் வேண்டாம். கீரை ஆய்வது, துணி மடிப்பது, பிள்ளைக்குப் பாடம் கேட்பது என்று முடிந்த வேலையைக் கொடுங்கள். தாம் இன்னும் வீட்டுக்குத் தேவையானவர் என்ற எண்ணம் அவருக்கு வேண்டும்.

6. பார்த்துக்கொள்பவரை யார் பார்ப்பது?

லயங்களுக்குப் போகும்போது நாம் காண்பது இது: எல்லோரும் நோயாளியைத்தான் விசாரிப்பார்கள். கொழுந்தெடுத்துவிட்டு வந்து, சமைத்து, அவரைக் குளிப்பாட்டி, இரவு மூன்று தடவை எழும்பும் மனைவியை யாரும் "நீ சாப்பிட்டியா?" என்று கேட்பதில்லை. குணம் மாறிய கணவன் அவளைத் திட்டவும் செய்வார். திட்ட வைப்பது அவரல்ல, நோய் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தாலும் வலிக்கும்.

ஆகவே அழைப்பின் கடைசி ஐந்து நிமிடத்தைப் பார்த்துக்கொள்பவருக்காகக் கேட்டு வாங்குங்கள். "எனக்கு ராத்திரியில தூக்கமில்லைங்க மிஸ்", "எனக்கே கோபம் வருதுங்க" என்று சொல்வது குற்றமல்ல. மனப்பாரம் தாங்க முடியாமல் போனால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கும் பேசலாம். அக்கம் பக்கத்தாரும் முறை வைத்து வாரத்தில் ஓர் இரவு துணைக்கு இருக்கலாம். கலியாணத்துக்கும் சாவுக்கும் சேர்ந்து நிற்கும் நமது லயத்து ஆட்களுக்கு இது பெரிய காரியமல்ல.

நோய் முற்றும் காலத்திலும் தொலைபேசி உதவும். இனி என்ன நடக்கும், வலி வந்தால் என்ன மருந்து, விழுங்க முடியாவிட்டால் என்ன செய்வது, எங்கே வைத்துப் பார்ப்பது என்பவற்றை முன்கூட்டியே கேளுங்கள். அவர் பேசக்கூடிய நிலையில் இருக்கும்போதே அவருடைய விருப்பத்தையும் கேளுங்கள். கேட்டால் சாவு சீக்கிரம் வந்துவிடும் என்பது வீண் பயம். கேட்காமல் விட்டால் நள்ளிரவில் யாருக்கும் எதுவும் தெரியாமல் தவிக்க வேண்டிவரும்.

பாடத்தின் சுருக்கம் இதுதான். தொலைபேசி ஆஸ்பத்திரிக்குப் பதில் அல்ல. ஆனால் இரண்டு கிளினிக்குக்கு இடையில் அந்தக் குடும்பம் தனியாக விடப்படாமல் இருக்க அது ஒரு வழி. அதற்கு நல்ல போன் வேண்டியதில்லை. ஒரு கொப்பி, ஒரு சரியான இலக்கம், பக்கத்தில் ஓர் ஆள், இவை வேண்டும்.

கலந்துரையாடலுக்கு:

1. உங்கள் லயத்திலிருந்து 1990க்குப் பேசினால் வழியை எப்படிச் சொல்வீர்கள்? ஒருவர் சொல்லிக் காட்டட்டும்.

2. வலிப்பு வந்தால் செய்யக் கூடாதவை மூன்றைச் சொல்லுங்கள்.

3. "சுகமில்லை" என்ற ஒரு சொல்லை, தூரத்தில் இருக்கும் தாதிக்கு விளங்கும்படி எப்படி விரித்துச் சொல்வீர்கள்?

4. உங்கள் லயத்தில் நீண்டகால நோயாளியைப் பார்த்துக்கொள்பவர் யார்? இந்த வாரம் அவருக்கு நாம் என்ன உதவி செய்யலாம்?

நான்காவது கேள்விக்கு விடையைப் பேசி முடித்த கையோடு செய்தும் முடிப்போம்.